பட்ஜெட்டில் ஒரு பனிச்சறுக்கல்!

கே.கே. நகர்வாசிகளுக்கு ஐஸ் என்றால் மூன்று விஷயம்தான் தெரியும். மெயின்கார்டு கேட் மைக்கேல் ஐஸ்கிரீம், கல்யாண வீட்டு ஜூஸ் அண்டாவில் மிதக்கும் கட்டி, அப்புறம் ஆபீஸில் மேனேஜர் தலையில் வைப்பது. மூன்றாவதில் மட்டும் நம்மில் பல பேர் டிப்ளமா ஹோல்டர்கள்.

இப்படிப்பட்ட ஏரியாவிலிருந்து ஒருத்தன், எட்டு வயசுப் பையன், நாலு வயசுப் பெண், ஒரே ஒரு மனைவி சகிதம் பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறான் என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். பார்த்தது. "ஏன் சார், கொடைக்கானல்ல ரூம் கிடைக்கலையா?" என்றார் எதிர்வீட்டு பேங்க் சார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிடையரான என் அப்பா கேட்டதுதான் டாப். "வழுக்கு மரம் ஏறினா பரிசு குடுப்பாங்க. நீ வழுக்கி விழறதுக்கு எதிராளிக்குக் காசு குடுக்கப் போறியா?"

நியாயமான கேள்விதான். ரயில்வே பாஸ் வைத்திருந்த மனுஷன், எங்களை அழைத்துப் போன அதிகபட்ச உயரம் பழநி. அதுவும் வின்ச்சில்.

செலவுக்கான பணம் எங்கிருந்து என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் எழுத்து சம்பாத்தியத்தில் முக்கொம்பு வரைதான் போக முடியும். மனைவி மாசம் ஐயாயிரமாகப் பதினைந்து மாசம் கட்டிய சீட்டு முதிர்ந்தது. எழுபத்தைந்தாயிரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். "என்னங்க, போகலாம். ஆனா பிள்ளைங்களுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா அந்த நிமிஷமே நிறுத்திடணும். காசு போச்சேன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

சரி என்றேன். பி.காம். படித்தவன் சுலபமாக 'சரி' சொல்லிவிடுவான். அந்த 'சரி'க்கு என்ன விலை என்பது மணாலியில் தெரிந்தது. அதற்கு வருகிறேன். முதலில் திட்டம்.

எங்கே போவது?

நம் நாட்டில் பனிச்சறுக்கு என்றால் நாலைந்து பெயர்தான்.

ஒன்று, குல்மார்க். வெள்ளைக்காரர்கள் 1927-லேயே அங்கே ஸ்கீ கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். 2022-ல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் அந்தப் பக்கத்துக்காரர்தான். கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. இரண்டாவது கட்டம் 3,900 மீட்டரையும் தாண்டிக் கொண்டுபோய் விடும். சரிவு பிரமாதம். ஆனால் நாலு வயசுக் குழந்தையை அந்த உயரத்துக்குத் தூக்கிப் போவது சரிவராது. முதல் கட்டத்துக்குக் கீழே, புல்வெளியாக இருந்து பனிவெளியாக மாறும் இடம்தான் புதுசாகக் கற்பவர்களுக்கு. மத்திய அரசு ஊழியராக இருந்தால், ஜம்மு காஷ்மீருக்கு எல்.டி.சி.யில் விமானத்தில் போக விசேஷ சலுகை ஒன்று உண்டு. அவ்வப்போது நீட்டிப்பார்கள். ஆபீஸ் நோட்டீஸ் போர்டைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருங்கள். காஷ்மீர் நிலவரத்தையும் அப்படியே.

இரண்டு, உத்தராகண்டில் ஆவ்லி. 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம். ஏழு நாள், பதினாலு நாள் என்று கர்வால் மண்டல் விகாஸ் நிகம் கோர்ஸ் நடத்தும். கல்யாணமாகாத வாசகர்கள் குறித்துக்கொள்ளவும், இது உங்களுக்கானது. குடும்பஸ்தர்களுக்குச் சிக்கல் என்னவென்றால், ஆவ்லிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமட் நகரம் 2023 ஜனவரியில் புதையத் தொடங்கியபோது அங்கிருந்து மேலே போகும் ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். ரிஷிகேஷிலிருந்து ஒரு முழு நாள் மலைப்பாதை வேறு. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள், இரண்டு பிளாஸ்டிக் கவர்கள். யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, சிம்லாவுக்கு மேலே நார்க்கண்டா. சின்ன இடம், கூட்டம் குறைவு.

நாலு, மணாலியும் அதற்கு மேலே பதினாலு கிலோமீட்டரில் இருக்கும் சோலாங் பள்ளத்தாக்கும். தமிழனுக்கு மணாலி அந்நிய ஊர் இல்லை. 1992-ல் வந்த 'ரோஜா' கதைப்படி காஷ்மீர். அங்கே படம் எடுக்க முடியாத காலம் என்பதால் மணாலிக்குப் போனார்கள். அன்றைக்கு அந்தப் பனியைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட காலேஜ் பையன்கள்தான் இன்றைக்கு இ.எம்.ஐ. கட்டும் அப்பாக்கள்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. கே.கே. நகர் மொட்டை மாடியில் நின்றால் தலைக்கு மேலே இறங்கும் விமானங்களில் சில துபாயிலிருந்து வருபவை. 2005-ல் திறந்த 'ஸ்கீ துபாய்' ஒரு ஷாப்பிங் மாலுக்குள்ளேயே இருக்கிறது. 400 மீட்டர் நீளச் சறுக்குப்பாதை, வெளியே பாலைவனம், உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே. துபாயில் மச்சினன் இருந்தால் ரூம் வாடகை மிச்சம். மச்சினனின் மனைவிக்கு ஆட்சேபணை இல்லாதபட்சத்தில்!

எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. மணாலிக்கு மூன்று ஓட்டு. பெண் குழந்தை மைக்கேல் ஐஸ்கிரீமுக்குப் போட்டாள். செல்லாத ஓட்டு.

எப்போது போவது?

இங்கேதான் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இடிக்கும். அரைப்பரீட்சை லீவு டிசம்பர் கடைசியில். அப்போது வட இந்தியாவே மணாலியில் நிற்கும், ரூம் வாடகை மலை உச்சிக்கு ஏறும், பனி மட்டும் வரலாம், வராமலும் போகலாம். முழுப்பரீட்சை லீவு மே மாசம். அப்போது பனி ரோதாங் கணவாயில்தான், அதாவது ஏறக்குறைய 3,980 மீட்டரில் இருக்கும். அங்கே ஒரு நாளைக்கு 1,200 வண்டிகளுக்குத்தான் பர்மிட். பனியைத் தொட்டுப் பார்க்கலாம், உருட்டி விளையாடலாம். சறுக்கக் கற்றுக்கொள்ள அது இடமும் இல்லை, காலமும் இல்லை.

ஆக, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான் நமக்கு. பொங்கல் லீவோடு நாலைந்து நாள் சேர்த்துப் போட்டுக்கொள்வது ஒன்றே வழி. அப்போதும் வருண பகவான் கையெழுத்துப் போட வேண்டும். 2024 ஜனவரியில் குல்மார்க்கிலேயே பனி இல்லாமல் புல் தெரிந்தது. மாசக் கடைசியில்தான் விழுந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப் போட்டார்கள். அரசாங்கத்துக்கே இந்தக் கதி. அதனால் குழந்தைகளிடம், "பனி பார்க்கப் போறோம்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். "மலைக்குப் போறோம், பனி இருந்தா விளையாடுவோம்" என்று சொல்லுங்கள். ஜாமீன் எடுத்த மாதிரி இருக்கும்.

ரயில் டிக்கெட் 2024 நவம்பரிலிருந்து அறுபது நாள் முன்னால்தான் திறக்கிறது. பொங்கலை ஒட்டிய தேதி என்றால் முதல் நாளே, முதல் நிமிஷமே போட்டுவிட வேண்டும். அஞ்சு வயசுக்குக் கீழே பெர்த் வேண்டாமென்றால் டிக்கெட் இல்லை. அஞ்சிலிருந்து பன்னிரண்டுக்குள் தனி பெர்த் கேட்டால் முழு டிக்கெட். இது 2016-லிருந்து. "அரை டிக்கெட்" என்பது இனிமேல் கிண்டலுக்கு மட்டும் பயன்படும் வார்த்தை.

ஊட்டியில் ஒத்திகை

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், நம்ப மாட்டீர்கள். மணாலி டவுன் ஏறக்குறைய 2,050 மீட்டர் உயரம். நம் ஊட்டி 2,240 மீட்டர். அதாவது ஊட்டிதான் ஒசத்தி! தொட்டபெட்டா 2,637 மீட்டர், குல்மார்க் 2,650. பதிமூன்று மீட்டர்தான் வித்தியாசம், நாலு மாடிக் கட்டடம். ஊட்டி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே பனிமலை இல்லை, வெறும் உறைபனியோடு நிற்கிறது. அவ்வளவுதான்.

இதனால் கே.கே. நகர்க்காரனுக்கு என்ன லாபம்? லாபம் இருக்கிறது. திருச்சி கடல் மட்டத்திலிருந்து தொண்ணூறு மீட்டர்கூட இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த குழந்தைக்கு உயரம் ஒத்துக்கொள்கிறதா, மலை வளைவில் வாந்தி வருகிறதா, காலை ஏழு மணிக் குளிரில் கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொள்கிறதா, கழற்றி எறிகிறதா... இதையெல்லாம் டிசம்பரில் ஒரு சனி ஞாயிறில் ஊட்டியிலேயே பார்த்துவிடலாம். ஆகும் செலவு பெரிய பயணத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா? பார்த்தோம். பையன் பாஸ். பெண் கையுறையில் ஃபெயில், வளைவில் ஜஸ்ட் பாஸ். கையுறையைக் கயிற்றால் கோத்து ஸ்வெட்டர் கைக்குள் விட்டுக் கட்டிவிடலாம் என்று மனைவி அங்கேதான் கண்டுபிடித்தாள். கழற்றினாலும் தொலையாது.

பனியில் நடப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. 'ஸ்னோ கிங்டம்' இருக்கிறது. கால் வலுவுக்கு நம்மிடம் மலைக்கோட்டை இருக்கிறது. 83 மீட்டர். ஞாயிறுதோறும் உச்சிப்பிள்ளையார் வரைக்கும் ஏறி இறங்கினோம். பிள்ளையாருக்குப் பிள்ளையாரும் ஆச்சு, தொடைக்குத் தொடையும் ஆச்சு. ரோலர் ஸ்கேட்டிங் கிளாஸுக்குப் போகிற பையன்கள் பனியில் சீக்கிரம் தேறிவிடுவார்கள். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்து நிற்கும் வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான்.

டெபிட், கிரெடிட்

எழுபத்தைந்தாயிரம் எங்கே போனது? ஒரு கணக்கு. எங்கள் குடும்பக் கணக்கு. உங்களுக்கு நாளைப் பொறுத்து, பேரம் பேசும் வாயைப் பொறுத்து மாறும்.

ரயில், மூன்றாம் வகுப்பு ஏ.சி., மூன்று பெர்த், போக வர: 14,000. டெல்லி - மணாலி பஸ், போக வர: 12,000. ரூம், மணாலியில் நாலு ராத்திரி, டெல்லியில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று: 12,000. சாப்பாடு: 12,000. உள்ளூர் டாக்ஸி: 5,000. துணிமணி: 7,000. சறுக்குக் கட்டை வாடகை, சொல்லித் தருபவருக்குச் சம்பளம்: 6,000. மிச்சம் 7,000 தனிக் கவரில். கவர் மேலே மனைவி பேனாவால் 'தொடாதே' என்று எழுதியிருந்தாள். காமர்ஸில் இதற்கு 'கன்டின்ஜென்சி ரிசர்வ்' என்று பெயர். அவள் எழுதியதுதான் தெளிவாக இருந்தது.

குறைக்கக்கூடிய செலவு, கூடாத செலவு என்று இரண்டு இருக்கிறது. குறைக்கக்கூடியது: விமானம், ஹோட்டல் ஸ்டார், அப்புறம் ஊர்களின் எண்ணிக்கை. டூர் நோட்டீஸைப் பாருங்கள். ஆறு நாளில் சிம்லா, குல்லு, மணாலி, சண்டிகர், ஆக்ரா என்று போட்டிருப்பார்கள். குழந்தைக்கு அதில் மிஞ்சுவது ஐந்து ஊர் கார் ஜன்னல். நாங்கள் ஒரே ஊர், நாலு ராத்திரி. முதல் நாள் முழுக்க எங்கேயும் போகவில்லை. ரூமில் படுத்து, ஹிடிம்பா கோயில் வரைக்கும் மெல்ல நடந்து, சீக்கிரம் தூங்கினோம். உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கு அந்த ஒரு நாள் கூலி. 'ஒரு நாள் வேஸ்ட்' என்று நினைத்தால் அடுத்த மூன்று நாளும் வேஸ்ட் ஆகும் அபாயம் உண்டு.

குறைக்கக் கூடாதது மூன்று. கை, கால், கண்.

கைக்கு: தண்ணீர் இறங்காத கையுறை, ஆளுக்கு இரண்டு ஜோடி. கம்பளிக் கையுறை பனியில் பத்து நிமிஷத்தில் ஈரத்துணி. காலுக்கு: பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரை இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பளி சாக்ஸ், கூடவே மாற்று ஜோடி கைப்பையில். உடம்புக்கு மூன்று அடுக்கு: உள்ளே தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். நடு அடுக்குக்கு, நவம்பர் வந்தால் ஊர் ஊராகக் கடை போடும் திபெத்தியர்கள் இருக்கவே இருக்கிறார்கள். மேல் அடுக்கை மணாலியிலிருந்து சோலாங் போகும் வழியில் நம்பர் போட்ட கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். பூட்ஸோடு தருவார்கள். போட்டுக்கொண்டால் எல்லோரும் ரிடையரான விண்வெளி வீரர் மாதிரி இருப்போம். குழந்தை சைஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெரிய பூட்ஸுக்குள் சின்னக் கால் ஆடினால் சறுக்கும்போது கணுக்கால் திரும்பும்.

கண்ணுக்கு: புதுப் பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். குளிர்கிறதே, வெயில் எங்கே என்று நினைக்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் வரும். பனியில் கீழேயிருந்தும் வரும். குழந்தைகளுக்கும் கறுப்புக் கண்ணாடி. கன்னத்துக்கும் மோவாய்க்கு அடியிலும் சன் ஸ்கிரீன்.

இன்னொன்று. பயண இன்ஷூரன்ஸ் எடுத்தால் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கும். பனிச்சறுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சோலாங்கில் சறுக்கல்

திருச்சி ஜங்ஷனிலிருந்து நிஜாமுதீனுக்கு நேர் ரயில் திருக்குறள் எக்ஸ்பிரஸ், வாரம் இருமுறை. சென்னையில் இறங்கி மாறும் வேலை இல்லை. ஒன்றே முக்கால் அடியில் உலகத்தைச் சொன்னவர் பெயரில் ஓடும் ரயிலுக்கு டெல்லி போய்ச் சேர இரண்டு நாள் வேண்டியிருக்கிறது. புளியோதரை முதல் நாள், இட்லிப்பொடி இரண்டாம் நாள். டெல்லியில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து, மறுநாள் சாயங்காலம் ஹிமாச்சல் அரசு பஸ். காலையில் கண் விழித்தால் பியாஸ் நதி கூடவே ஓடி வருகிறது. காவிரியைப் பார்த்தே வளர்ந்த பையன், "அப்பா, இங்க ஆத்துல எப்பவும் தண்ணி விடுவாங்களா?" என்று கேட்டான். டெல்டாக் குழந்தை!

இரண்டாம் நாள் சோலாங். வண்டியை விட்டு இறங்கியதும் இருபது பேர் சூழ்ந்துகொள்வார்கள். எல்லோரும் இன்ஸ்ட்ரக்டர். அதில் பாதிப் பேர், கட்டையில் உங்களை நிற்க வைத்து, கையைப் பிடித்துப் பத்தடி இழுத்து, போட்டோ எடுத்து, "ஹோ கயா" என்று சொல்லிவிடுபவர்கள். அது பனிச்சறுக்கு இல்லை, பனிக்கண்காட்சி. எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்கு ஒருவர், ஹெல்மெட் உண்டா, குழந்தை சைஸ் கட்டை உண்டா, இந்த நாலையும் காசு கொடுக்கும் முன்னால் கேளுங்கள். குழந்தைக்குக் கட்டை மோவாய் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. மணாலியில் 1961-லிருந்து மலையேறும் பயிற்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. இன்றைக்கு அடல் பிஹாரி வாஜ்பாய் பெயர். பனிச்சறுக்குக் கோர்ஸும் நடத்துகிறார்கள். அங்கே படித்தவரா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

எங்களுக்குக் கிடைத்தவர் இருபத்தைந்து வயசு உள்ளூர்ப் பையன். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி, தூர்தர்ஷன் விளம்பரம் அளவுக்கு. ஆனால் உலகம் முழுக்க ஸ்கீ வாத்தியார்கள் குழந்தைகளுக்கு ஒரே வார்த்தைதான் சொல்கிறார்களாம். பீட்சா! இரண்டு கட்டையின் முன் நுனியையும் நெருக்கி, பின் பக்கத்தை அகட்டினால் பீட்சாத் துண்டு மாதிரி முக்கோணம். அதுதான் பிரேக். இரண்டையும் இணையாக வைத்தால் வேகம். "பீட்சா! பீட்சா!" என்று அவர் கத்த, பையன் நின்றான். நான் நிற்கவில்லை. வெங்காய பஜ்ஜிக் காலத்து ஆள்.

முதல் மணி நேரம் சறுக்கவே விடவில்லை. விழக் கற்றுக்கொடுத்தார். பின்னால் மல்லாந்து விழக் கூடாது, பக்கவாட்டில் உட்கார்வது போல விழ வேண்டும். எழும்போது கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எழுந்த வேகத்தில் மறுபடி கிளம்பிவிடும். அப்புறம் நண்டு மாதிரி பக்கவாட்டில் அடி வைத்து மேலே ஏறுதல். சின்னச் சரிவில் லிஃப்ட் எதுவும் இல்லை. முப்பது விநாடி சறுக்க ஐந்து நிமிஷம் ஏற வேண்டும். மலைக்கோட்டைப் படிகளுக்கு அங்கே நன்றி சொன்னேன்.

மனைவி இருபதாவது முயற்சியில் விழாமல் கீழே வந்து நின்றாள். ஸ்கூட்டியில் பாலக்கரை டிராஃபிக்கில் தினம் போய் வருபவளுக்குப் பேலன்ஸ் கைவந்த கலை. பையன் மதியத்துக்குள் தானாக வளைந்து திரும்பினான். பெண்ணுக்குக் கட்டையே மாட்டவில்லை. ஆரிஃப் கான் நாலு வயசிலேயே தொடங்கியவர்தான், ஆனால் அவர் அந்த மண்ணில் பிறந்தவர். நம்முடையது சமவெளிச் சரக்கு. அவள் ஒரு ரப்பர் டியூபில் உட்கார்ந்து சறுக்கினாள், பனியில் பொங்கல் பானை செய்தாள், கையுறையைக் கழற்றினாள். தொலையவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் குழந்தைகளைச் சரிவில் வைத்திருக்காதீர்கள். நடுவில் சூடாக ஏதாவது. 'இன்னும் கொஞ்சம்' என்று அவர்கள் கெஞ்சும்போதே நிறுத்திவிட்டால் மறுநாளும் வருவார்கள். அழும் வரை விட்டால் அவ்வளவுதான்.

அந்த 'சரி'யின் விலை

மூன்றாம் நாளுக்கு ஒரு திட்டம். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கத்தைத் தாண்டி லாஹௌல் பக்கம் சிஸ்ஸு வரைக்கும் போவது. ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம். இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் வேறு உலகம் என்றார்கள். டாக்ஸிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

காலையில் பெண் எழுந்திருக்கவில்லை. எழுப்பினால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பால் வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. காய்ச்சல் இல்லை. கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். விஷயத்தைச் சொன்னதும், "குச் நஹி ஹோகா, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான். மேலே போனால் சரியாகிவிடும்" என்ற அர்த்தத்தில் என்னமோ சொன்னார். பையன் ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். அட்வான்ஸ் திரும்பாது. எனக்குள்ளே ஒரு குரல், 'இவ்வளவு தூரம் வந்துட்டு...' என்று ஆரம்பித்தது.

பி.காம். இரண்டாம் வருஷத்தில் ஒரு பாடம் நடத்தினார்கள். சன்க் காஸ்ட். அதாவது முழுகிப்போன செலவு. ஏற்கெனவே கொடுத்துவிட்ட, இனிமேல் திரும்பி வராத பணத்தை அடுத்த முடிவெடுக்கும்போது கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. ஃபேக்டரியை வைத்துத்தான் உதாரணம் சொன்னார்கள். நாலு வயசுக் குழந்தையின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு பதில் எழுதச் சொல்லவில்லை.

சுரங்கத்தின் வாசலே 3,000 மீட்டருக்கு மேல். உயரத்தால் வரும் தலைவலிக்கு உலகம் முழுக்க ஒரே விதிதான்: அறிகுறி இருக்கும்போது மேலே ஏறாதே, அதிகமானால் கீழே இறங்கு. சின்னக் குழந்தைக்குத் 'தலை வலிக்குது' என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. சாப்பிட மறுப்பது, விளையாட மறுப்பது, காரணமில்லாமல் சிணுங்குவது, வாந்தி. இதுதான் அவர்கள் பாஷை. பெரியவர்கள்தான் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும்.

மனைவி ஒன்றும் பேசவில்லை. என் மூஞ்சியைத்தான் பார்த்தாள். தூக்கி வைத்துக்கொள்கிறேனா என்று.

வண்டியை அனுப்பிவிட்டேன். 'தொடாதே' கவரைத் தொட்டோம். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இன்றைக்கு முழுக்க ஓய்வு, அடிக்கடி தண்ணீர், மேலே போக வேண்டாம், மோசமானால் உடனே குல்லுவுக்கு இறங்கிவிடுங்கள் என்றார். பையன் அரை மணி நேரம் அழுதான். அவனுக்கும் நியாயம் உண்டு. மனைவி அவனை மால் ரோடுக்கு அழைத்துப் போனாள். நான் பெண்ணோடு ரூமில். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் எழுந்து உட்கார்ந்து, "தயிர் சாதம்" என்றாள். எங்கள் பயணத்திலேயே எனக்குப் பிடித்த இரண்டு வார்த்தை அதுதான். ஹோட்டல் சமையல்காரரிடம் சாதத்தையும் தயிரையும் தனித்தனியாக வாங்கி, கரண்டியால் மசித்தேன்.

நாலாம் நாள் அவள் கலகலப்பாகிவிட்டாள். இருந்தாலும் உயரமான இடம் எதற்கும் போகவில்லை. அவளும் நானும் டவுனில், பியாஸ் கரையில், வெயிலில். மனைவியும் பையனும் மட்டும் காலையில் இரண்டு மணி நேரம் சோலாங் போய், அதே இன்ஸ்ட்ரக்டரிடம் இரண்டாம் பாடம் கற்றுவந்தார்கள். பையன் திரும்பி வந்ததும் முதல் வார்த்தை, "அப்பா, அம்மா என்னை முந்திட்டாங்க."

ஆக, சிஸ்ஸு பார்க்கவில்லை. ரோப் கார் ஏறவில்லை. ஆறு மணி நேரம் சறுக்கியிருப்போம், எல்லோர் கணக்கையும் கூட்டினால். டூர் நோட்டீஸ்காரர் கணக்கில் இது படுநஷ்டம். எங்கள் பேலன்ஸ் ஷீட் வேறு மாதிரி. இரண்டு குழந்தைகளும் முழுசாக, பனியென்றால் சிரிக்கிற முகத்தோடு திரும்பினார்கள். அடுத்த தடவை வர மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. பதினைந்து மாசச் சீட்டுக்கு அதைவிட வட்டி எந்த பேங்க்கும் தராது, எதிர்வீட்டு சார் பேங்க் உட்பட.

உங்களுக்கும் ஆசை இருந்தால், ஊர்களைக் குறையுங்கள், நாட்களைக் குறைக்காதீர்கள். ஹோட்டலில் மிச்சம் பிடியுங்கள்; கையுறையில் பிடிக்காதீர்கள். எந்தத் திட்டத்திலும் ஒரு நாளைச் சும்மா இருப்பதற்கென்று ஒதுக்குங்கள். இன்னொரு நாளைக் கைவிடுவதற்கென்று ஒதுக்குங்கள். அதைக் கைவிட வேண்டிவந்தால் மூஞ்சியைத் தூக்காமல் கைவிடுங்கள்.

லீவு லெட்டரை மட்டும் இப்போதே எழுதிவிடுங்கள். பதினொரு நாள் லீவு கேட்டால் மேனேஜர் எப்படிப் பார்ப்பார் என்று தெரியும். அதற்கு வேண்டிய ஐஸ், மணாலியிலிருந்து வர வேண்டியதில்லை. உள்ளூரிலேயே கிடைக்கும்.